நிலத்தைக் கொடுத்து அமைதியை வாங்க முடியுமா?

போரைத் தவிர்ப்பதற்காக எடுத்த முடிவுகளே போரைக் கூட்டிவந்தன என்று சொன்னால் முதலில் நம்பத் தோன்றாது. ஒருவர் விட்டுக்கொடுத்தால் சண்டை அடங்கிவிடும் என்று கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் 1931 முதல் 1939 வரை நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை விட்டுக்கொடுத்த பிறகும் கேட்பவரின் குரல் உயர்ந்ததே தவிரத் தணியவில்லை. கடைசியில் வந்தது 6 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த இரண்டாம் உலகப் போர். இது எப்படி நடந்தது என்பதை, இந்த விஷயத்தை முதன்முதலாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். ஒரு நாடு தன் ராணுவத்தை இறக்கியோ, இறக்குவேன் என்று மிரட்டியோ இன்னொரு நாட்டின் நிலத்தை எடுத்துக்கொள்வது ஆக்கிரமிப்பு. "அவர் கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவார், போர் வராது" என்று மற்ற வல்லரசுகள் முடிவெடுப்பது திருப்திப்படுத்தும் கொள்கை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் கொடுப்பவரின் சொந்த நிலமாக இருப்பதில்லை. மூன்றாவதாக ஒரு சின்ன நாட்டின் நிலம் அது. இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

ஹிட்லருக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. 1931 செப்டம்பரில் ஜப்பான் ராணுவம் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. முக்டென் நகரத்துக்கு அருகே ரயில் பாதையில் தாங்களே ஒரு குண்டை வெடிக்கவைத்துவிட்டு, பழியைச் சீனர்கள் மேல் போட்டார்கள் ஜப்பான் ராணுவ அதிகாரிகள். முதல் உலகப் போருக்குப் பிறகு இதுபோன்ற விஷயங்களைத் தடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட பன்னாட்டுச் சங்கம் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. அறிக்கை வர ஒரு வருடம் ஆனது. அதை ஏற்றுச் சங்கம் தீர்மானம் போட்டதும், ஜப்பான் பிரதிநிதிகள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவ்வளவுதான். மஞ்சூரியா ஜப்பானிடமே இருந்தது.

1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவைத் தாக்கியது. இந்த முறை பன்னாட்டுச் சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது உண்மைதான். ஆனால் போரை உடனே முடக்கியிருக்கக்கூடிய எண்ணெயை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இத்தாலியக் கப்பல்கள் போர்முனைக்குச் செல்ல வேண்டிய சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியை ரொம்பவும் பகைத்துக்கொண்டால் அவர் ஹிட்லரோடு சேர்ந்துவிடுவார் என்று பிரிட்டனும் பிரான்சும் பயந்தன. கடைசியில் எத்தியோப்பியாவும் பறிபோனது, முசோலினியும் ஹிட்லரோடு சேர்ந்தார். அரைகுறையாக எதிர்ப்பதில் உள்ள ஆபத்து இதுதான். எதிராளிக்குக் கோபம் வரும், ஆனால் அவர் நிற்க மாட்டார்.

புத்தியுள்ளவர்கள் ஏன் இதைச் செய்தார்கள்?

1937 முதல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லினையும் அவர் காலத்துத் தலைவர்களையும் கோழைகள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளிவிட்டால் எதுவும் புரியாது. 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பிரான்ஸ் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. பிரிட்டனில் ஊருக்கு ஊர் நினைவுத் தூண்கள் நின்றன. அது முடிந்து 20 வருடம்கூட ஆகாத நிலையில், இன்னொரு முறை பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்க எந்த அரசியல்வாதிக்கு வாய் வரும்?

அப்புறம் விமானக் குண்டுவீச்சு பற்றிய பயம். குண்டுவீச்சு விமானம் எப்படியும் உள்ளே வந்துவிடும் என்று பிரிட்டிஷ் தலைவர் ஸ்டான்லி பால்ட்வின் 1932லேயே நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் கெர்னிகா நகரம் வானிலிருந்து எரிக்கப்பட்டதை உலகமே பார்த்தது. போர் அறிவித்த சில நாட்களிலேயே லண்டன் சாம்பலாகிவிடும் என்று விவரம் தெரிந்தவர்களே நம்பினார்கள். இதோடு 1929ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, காலியான கஜானா. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்கப் படைபலம் இல்லை என்று பிரிட்டிஷ் தளபதிகள் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். அமெரிக்காவோ ஐரோப்பியச் சண்டையில் தலையிட மாட்டோம் என்று சட்டமே போட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குற்ற உணர்வு இருந்தது. 1919ல் கையெழுத்தான வெர்செய்ல்ஸ் ஒப்பந்தம் ஜெர்மனியை அளவுக்கு மீறித் தண்டித்துவிட்டது என்று பிரிட்டனில் பலர் நினைத்தார்கள். அந்த ஒப்பந்தப்படி ஜெர்மன் ராணுவத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது, விமானப்படை கூடாது, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ரைன்லாந்துப் பகுதியில் ஜெர்மன் படையே நிற்கக் கூடாது. ஆகவே ஹிட்லர் ஒவ்வொன்றாக மீறியபோது, "இது நாமே என்றைக்காவது தளர்த்தியிருக்க வேண்டியதுதானே" என்று தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொள்ள இடம் இருந்தது. ஹிட்லர் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பே மறுக்கத் தயங்கும் ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டுதான் அடுத்த அடியை எடுத்துவைத்தார்.

சின்ன அடிகள்

1936 மார்ச் 7, சனிக்கிழமை. ஜெர்மன் படை ரைன்லாந்துக்குள் நுழைந்தது. ரைன் ஆற்றின் மேற்குக் கரைக்குப் போனவை சில பட்டாலியன்கள்தான். பிரான்ஸ் தன் படையை நகர்த்தியிருந்தால் அவை திரும்பி ஓடியிருக்கக்கூடும். அதன் பிறகான 48 மணி நேரம்தான் தன் வாழ்நாளிலேயே நரம்பைப் பிடித்து இழுத்த நேரம் என்று ஹிட்லரே பின்னாளில் சொன்னார். பிரான்ஸ் அசையவில்லை. "அவர்கள் தங்கள் சொந்தக் கொல்லைப்புறத்துக்குத்தானே போகிறார்கள்" என்பதே அன்று லண்டனில் பரவலாக இருந்த பேச்சு.

இதனால் என்ன மாறியது? நிலம் ஏற்கெனவே ஜெர்மனியுடையதுதான். ஆனால் அதுவரை பிரான்ஸ் நினைத்தால் ஜெர்மனிக்குள் சுலபமாகப் படை அனுப்பலாம் என்ற நிலை இருந்தது. கிழக்கே போலந்தையோ செக்கோஸ்லோவாக்கியாவையோ ஜெர்மனி தொட்டால் மேற்கிலிருந்து பிரான்ஸ் அடிக்கும் என்பதுதான் அந்த நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த பாதுகாப்பு. ரைன்லாந்தில் ஜெர்மன் படை உட்கார்ந்து எல்லையில் அரண் கட்டத் தொடங்கியதும், அந்த வாக்குறுதி காகிதத்தில் மட்டும் மிஞ்சியது. சில மாதங்களிலேயே பெல்ஜியம் பிரான்சுடனான ராணுவக் கூட்டை விட்டு விலகி, நடுநிலை என்று அறிவித்துக்கொண்டது. தன் வீட்டு வாசலிலேயே நடந்ததைத் தடுக்காத பிரான்ஸ் நம்மை எங்கே காப்பாற்றப்போகிறது என்று ஒரு சின்ன நாடு கணக்குப் போட்டால் அதைக் குறை சொல்ல முடியாது.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனது. 1934ல் ஆஸ்திரிய நாஜிகள் அந்நாட்டுத் தலைவர் டோல்ஃபுஸைச் சுட்டுக் கொன்றபோது, எல்லைக்குப் படை அனுப்பி ஹிட்லரைத் தயங்கவைத்தவர் முசோலினி. நான்கு வருடத்துக்குள் அவர் ஹிட்லரின் நண்பராகிவிட்டார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

மியூனிக்

அடுத்தது செக்கோஸ்லோவாக்கியா. அதன் எல்லையோரப் பகுதியான சுடட்டன்லாந்தில் சுமார் 30 லட்சம் ஜெர்மன் மொழி பேசுபவர்கள் இருந்தார்கள். அவர்கள் கொடுமைப்படுத்தப்படுகிறார்கள், அந்தப் பகுதியை எங்களிடம் கொடுங்கள் என்றார் ஹிட்லர். அந்த மக்களுக்குச் சில உண்மையான மனக்குறைகள் இருந்தன. ஆனால் நாட்டின் மலையரண்களும் கோட்டைகளும் அந்த எல்லையில்தான் இருந்தன. அதைக் கொடுத்துவிட்டால் மீதி நாட்டைக் காக்க ஒன்றும் இருக்காது.

1938 செப்டம்பர் 15 அன்று சேம்பர்லின் விமானம் ஏறி ஹிட்லரைப் பார்க்கப் போனார். அப்போது அவருக்கு 69 வயது. அதுவரை அவர் விமானத்தில் அதிகம் பறந்ததில்லை. போரை நிறுத்த அந்த மனிதர் உண்மையாகவே பாடுபட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊர் திரும்பி, பிரான்சையும் சேர்த்துக்கொண்டு, செக் அரசின் கழுத்தை நெரித்துச் சம்மதம் வாங்கினார். செப்டம்பர் 21 அதிகாலை 2 மணிவாக்கில் பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதர்கள் செக் அதிபர் பெனெஷைப் படுக்கையிலிருந்து எழுப்பி, ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்களுக்காக யாரும் போரிட மாட்டோம் என்று சொன்னார்கள்.

அந்தச் சம்மதத்தை எடுத்துக்கொண்டு செப்டம்பர் 22 அன்று சேம்பர்லின் மறுபடி ஜெர்மனிக்கு, கோடஸ்பெர்க் என்ற ஊருக்குப் போனார். நீங்கள் கேட்டது முழுவதும் கிடைத்துவிட்டது என்று அவர் விளக்கி முடித்ததும் ஹிட்லர் சொன்ன பதில்: வருந்துகிறேன், இனி அது போதாது. உடனே ராணுவம் நுழைய வேண்டும், அக்டோபர் 1க்குள் எல்லாம் முடிய வேண்டும் என்றார். இந்த முழுக் கதையிலும் ஒரே ஒரு காட்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், இதை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதைக் கொடுத்த மறுகணமே கேட்பது பெரிதாகிவிட்டது. அப்படியானால் அவருக்கு வேண்டியிருந்தது அந்த மக்களின் குறை தீருவது அல்ல.

செப்டம்பர் 29 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹிட்லர், முசோலினி, சேம்பர்லின், பிரான்ஸ் பிரதமர் தலாதியே ஆகிய நால்வரும் கூடினார்கள். யாருடைய நாட்டைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்கு மேஜையில் இடமில்லை. இரண்டு செக் பிரதிநிதிகள் காவலோடு ஒரு ஹோட்டலில் உட்காரவைக்கப்பட்டார்கள். நள்ளிரவு தாண்டி அவர்களைக் கூப்பிட்டு, முடிந்துபோன ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். பதில்கூட எதிர்பார்க்கவில்லை. அந்த நேரத்தில் சேம்பர்லின் ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார் என்று அந்த இருவரில் ஒருவரான ஹூபர்ட் மசாரிக் தன் அறிக்கையில் குறித்திருக்கிறார்.

லண்டனில் மக்கள் கூட்டம் தெருவில் திரண்டு சேம்பர்லினை வரவேற்றது. நம் காலத்துக்கான அமைதி இது என்று அவர் அறிவித்தார். பாரிஸில் இறங்கிய தலாதியே, கூட்டத்தைப் பார்த்ததும் தன்னை அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அவர்களோ வாழ்த்த வந்திருந்தார்கள். இது முழுத் தோல்வி என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னபோது கேட்க விரும்பியவர்கள் குறைவு.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை செக் தலைநகரான பிராக் நகருக்குள் நுழைந்தது. ஐரோப்பாவில் இதுவே என் கடைசி நிலக் கோரிக்கை என்று சுடட்டன்லாந்தைக் குறித்து மேடையில் முழங்கிய அதே ஹிட்லர், இந்த முறை ஜெர்மன் மொழி பேசாத மக்களின் நாட்டை எடுத்துக்கொண்டார். சொந்த இனத்தை ஒன்றுசேர்க்கிறேன் என்ற நியாயமும் அத்தோடு போனது.

ஒரு விட்டுக்கொடுப்புக்குள் என்னவெல்லாம் போகிறது

வரைபடத்தில் ஒரு துண்டு நிறம் மாறுவதாகத்தான் நமக்குத் தெரியும். உண்மையில் அதோடு ஒரு தேசத்தின் பலம் முழுவதும் கைமாறுகிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் கிடைத்ததை ஹிட்லரே 1939 ஏப்ரல் 28 அன்று தன் பேச்சில் பட்டியலிட்டார்: 1,582 விமானங்கள், 469 டாங்கிகள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். ஐரோப்பாவின் பெரிய ஆயுத ஆலைகளில் ஒன்றான ஸ்கோடாவும் அவர் கைக்கு வந்தது. 1940ல் ஜெர்மன் தளபதி ரோமல் பிரான்சுக்குள் பாய்ந்து சென்றாரே, அவருடைய டிவிஷனில் இருந்த டாங்கிகளில் கிட்டத்தட்ட பாதி செக் நாட்டுத் தயாரிப்பு. தன்னிடம் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருந்த நாட்டைப் பிரான்ஸ் கைவிட்டது. அந்த நாட்டின் டாங்கிகளே பிரான்சின் மீது ஏறி வந்தன.

இரண்டாவதாகப் போவது நம்பிக்கை. மியூனிக்குக்குச் சோவியத் ரஷ்யாவைக் கூப்பிடவே இல்லை. மேற்கு நாடுகள் ஹிட்லரை என் பக்கம் திருப்பிவிடப் பார்க்கின்றன என்று ஸ்டாலின் சந்தேகப்பட்டார். 1939 ஆகஸ்டில் பிரிட்டனும் பிரான்சும் மாஸ்கோவுடன் கூட்டுச் சேரப் பேச்சுவார்த்தைக் குழு அனுப்பியபோது, அது மெதுவாகப் போகும் கப்பலில் போனது. பிரிட்டிஷ் குழுத் தலைவரிடம் ஒப்பந்தம் போடுவதற்கான எழுத்துபூர்வ அதிகாரம்கூட இல்லை. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்போ விமானத்தில் வந்து இறங்கி, ஆகஸ்ட் 23 தேதியிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் ரகசியப் பகுதியில் போலந்தை இருவரும் பங்குபோட்டிருந்தார்கள். இதில் ஸ்டாலினுக்கு நான் எந்த நியாயமும் கற்பிக்கவில்லை. அவரும் நிலம் பிடிக்கத்தான் வந்தார். ஆனால் கைவிடுவதே வழக்கமாகிவிட்ட இடத்தில், ஒவ்வொருவரும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். செக்கோஸ்லோவாக்கியா துண்டாடப்பட்டபோது போலந்தும் ஹங்கேரியும்கூட ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டன என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவதுதான் போரைப் பற்றவைத்தது. எதிராளி உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். பிராக் விழுந்த பிறகு பிரிட்டன் விழித்துக்கொண்டு, மார்ச் 31 அன்று போலந்துக்குப் பாதுகாப்பு வாக்குறுதி கொடுத்தது. இந்த முறை அது மெய்யான வாக்குறுதி. ஆனால் ஹிட்லர் அதை நம்பவில்லை. ஆகஸ்ட் 22 அன்று தன் தளபதிகளிடம், நம் எதிரிகள் சிறு புழுக்கள், அவர்களை நான் மியூனிக்கில் பார்த்தேன் என்றார். நாலைந்து முறை பின்வாங்கியவர்கள் ஆறாவது முறையும் பின்வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. செப்டம்பர் 1 அன்று போலந்துக்குள் படை நுழைந்தது. செப்டம்பர் 3 அன்று பிரிட்டனின் இறுதி எச்சரிக்கையை மொழிபெயர்ப்பாளர் பவுல் ஷ்மிட் படித்துக்காட்டியதும், ஹிட்லர் சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, ரிப்பன்ட்ராப்பைப் பார்த்து "இப்போது என்ன?" என்று கேட்டதாக ஷ்மிட் எழுதியிருக்கிறார்.

ஆகவே போர் வந்தது விட்டுக்கொடுத்த நாட்களில் அல்ல, விட்டுக்கொடுப்பதை நிறுத்திய நாளில். இனி முடியாது என்று சொன்னபோது அதை நம்ப ஆள் இல்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு என்று காட்டச் சண்டைதான் போட வேண்டியிருந்தது. அதற்குள் எதிராளி ஆஸ்திரியாவையும் செக்கோஸ்லோவாக்கியாவையும் விழுங்கிப் பெரிய ஆளாகிவிட்டார். 1936ல் சில பட்டாலியன்களோடு முடிந்திருக்கக்கூடியது உலகப் போராக வளர்ந்தது இப்படித்தான்.

அவகாசம் கிடைத்ததே?

சேம்பர்லினுக்காக வாதாடுபவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். 1938ல் பிரிட்டன் போருக்குத் தயாராக இல்லை. ஸ்பிட்ஃபயர் போர் விமானம் அப்போதுதான் படைக்கு வரத் தொடங்கியிருந்தது. கடற்கரை ரேடார் வரிசை முடியவில்லை. 1940ல் பிரிட்டனைக் காப்பாற்றிய இரண்டும் அந்தக் கூடுதல் ஒரு வருடத்தில்தான் வளர்ந்தன. இது உண்மை.

ஆனால் அதே வருடம் ஜெர்மனிக்கும் கிடைத்தது, மேலே சொன்ன டாங்கிகளோடும் ஆலைகளோடும். 1938ல் செக் ராணுவம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் திரட்டி அரண்களில் நிறுத்தியிருந்தது. அந்த அரண்களை உடைக்கத் தங்களிடம் வசதி இல்லை என்று போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையில் ஜெர்மன் தளபதிகளே ஒத்துக்கொண்டார்கள். இரு பக்கமும் எடைபோட்டால், அவகாசத்தால் அதிகம் லாபம் அடைந்தது ஜெர்மனிதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. வரலாற்று ஆய்வாளர்களிடையே இதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

எல்லா இறங்கிவருதலும் மியூனிக் அல்ல

இதைப் படித்துவிட்டு, யார் எதைக் கேட்டாலும் மறுத்து அடிப்பதுதான் சரி என்று முடிவுகட்டினால் அது இன்னொரு படுகுழி. 1914ல் நடந்தது அதுதான். யாரும் இறங்கிவரத் தயாராக இல்லை. ஒருவர் படை திரட்டியதைப் பார்த்து அடுத்தவர் திரட்ட, ஐந்து வாரத்தில் கண்டமே போரில் இருந்தது.

மியூனிக்கின் நினைவே தவறான போருக்குத் தள்ளியதும் உண்டு. 1956ல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ஆன்டனி ஈடன், 1938ல் சேம்பர்லினோடு மோதிப் பதவி விலகியவர். அவர் கண்ணுக்கு நாசர் இன்னொரு முசோலினியாகத் தெரிந்தார். பிரான்சோடும் இஸ்ரேலோடும் சேர்ந்து எகிப்தின் மீது பாய்ந்து, அமெரிக்காவின் நெருக்கடியால் சில நாட்களில் பின்வாங்கி, அடுத்த ஜனவரியில் பதவியையும் விட்டார். தன் நாட்டின் நடுவே ஓடும் கால்வாயை எடுத்துக்கொண்டவரையும் அடுத்தவர் நாட்டை விழுங்கியவரையும் ஒன்றாகப் பார்த்ததன் விளைவு அது.

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, உடனே குண்டு போடாமல் கடல் முற்றுகை போடுவது மியூனிக்குக்குச் சமம் என்று விமானப்படைத் தளபதி லெமே அதிபர் கென்னடியின் முகத்துக்கு நேராகவே சொன்னார். 1938ல் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து சேம்பர்லினை ஆதரித்தவர் கென்னடியின் அப்பா. அது எவ்வளவு சுருக்கென்று தைத்திருக்கும்! ஆனாலும் கென்னடி அசையவில்லை. ஏவுகணைகள் போக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். பதிலுக்குத் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிட ரகசியமாகச் சம்மதித்தார். இருவரும் ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள், மூன்றாவது நாட்டின் நிலம் எதுவும் கைமாறவில்லை.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? கேட்பது கிடைத்ததும் கேட்பவர் நிற்கிறாரா, கோடஸ்பெர்க்கில் போல ஏறுகிறாரா என்று பார்க்க வேண்டும். யாருடைய நிலமோ அவர்கள் பேச்சுவார்த்தை மேஜையில் இருக்கிறார்களா, ஹோட்டல் அறையில் அடைக்கப்பட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மிரட்டலின் நிழலில் பேசுகிறார்களா என்பதும் முக்கியம். பால்டிக் கடலில் இருக்கும் ஆலண்ட் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழ்பவர்கள் ஸ்வீடிஷ் மொழி பேசுபவர்கள், சுவீடனோடு சேரவே விரும்பினார்கள். தீவோ பின்லாந்தின் வசம். இரண்டு நாடுகளும் பன்னாட்டுச் சங்கத்தின் முன் வாதாடின. 1921ல் தீர்ப்பு வந்தது: தீவு பின்லாந்துக்கு, மொழிக்கும் சுயாட்சிக்கும் உத்தரவாதம் தீவு மக்களுக்கு, அங்கே ராணுவம் யாருக்கும் கூடாது. சுவீடனுக்கு வருத்தம்தான், ஆனால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.